ஈர மணல், வயல், செம்மண் விளை: குமரி மாவட்டத்துக்கு எந்த மல்டி ஃப்ரீக்வென்சி மெட்டல் டிடெக்டர் வாங்கலாம்?

இரணியல்_தம்பி

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். மெட்டல் டிடெக்டர் ஒண்ணு வாங்கப் போறேன். ஷார்ஜாவில இருக்க மச்சான் தை மாசம் லீவுக்கு வாறான், அவன்கிட்ட கொண்டு வரச் சொல்லலாம்னு இருக்கேன். தொட்டுப் பார்த்து வாங்க வழி இல்ல, முன்கூட்டியே முடிவு பண்ணிச் சொல்லணும்.

புதையல் தேட இல்ல. சங்குத்துறை, சொத்தவிளை, முட்டம் பக்கம் குளிக்க வர்றவங்க மோதிரம், கொலுசு, தாலிச்செயின்னு தொலைச்சிட்டு மணலைக் கையால அளைஞ்சுக்கிட்டு நிக்கிறதை அடிக்கடி பாக்கேன். யாராவது கூப்பிட்டா போய்த் தேடிக் குடுக்கணும்னு ஆசை. அதோட அப்பாவுக்குத் தேரூர்ல வயல் உண்டு, வீட்டுக்காரி பக்கம் குலசேகரத்தில ரப்பர் விளை (தோட்டம்). நடவு நேரத்தில வயல்ல போன அம்மாவோட மோதிரம் இன்னும் கிடைக்கல.

யூடியூப்ல பார்த்து வச்சிருக்கது: வான்குவிஷ் 440, எக்ஸ்-டெர்ரா ப்ரோ, நோக்டா லெஜண்ட், ஈக்வினாக்ஸ் 900, டியூஸ் 2. எனக்கு இதில அனுபவம் சுத்தமா கிடையாது. எது எடுக்கலாம்?

தக்கலை_டவுன்

கையில காசு இருந்தா நேரே டியூஸ் 2, இல்லன்னா மான்டிகோர் வாங்கிரு மக்கா. கீழ் ரகத்தை வாங்கிட்டு கொஞ்ச நாள்ல வித்துட்டு மேல போறவங்கதான் நிறைய. அதில போற நஷ்டத்துக்கு முதல்லயே நல்லதை எடுத்துரலாம். டியூஸ் 2 தண்ணிக்குள்ள 20 மீட்டர் ஆழம் வரை தாங்கும், எடையும் ஒரு கிலோவுக்குள்ளதான். நாள் முழுக்க வீசினாலும் தோள் வலிக்காது.

மணக்குடி_காயல்

தம்பி, மாடல் பேரெல்லாம் அப்புறம். உங்க மூணு நிலத்தையும் முதல்ல தனித்தனியா எடுத்துக்கிடுங்க. ஒரே கருவி மூணுலயும் ஒரே மாதிரி வேலை செய்யாது.

மல்டி, அதாவது ஒரே நேரத்தில பல ஃப்ரீக்வென்சியில வேலை செய்யுறது, எதுக்கு வந்ததுன்னு தெரிஞ்சா பாதிக் குழப்பம் தீரும். கருவியோட கீழ் முனையில இருக்க வட்டத் தட்டுதான் காயில், அதில இருந்து காந்தப்புலம் மண்ணுக்குள்ள போகுது. உலோகத்தில பட்டா அதுக்குள்ள சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதோட பதில் காயிலுக்குத் திரும்பி வருது. 5 கிலோஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த ஃப்ரீக்வென்சி கனமான வெள்ளி, செம்பு, பித்தளைச் சாமானை நல்லா எடுக்கும். 20, 40 கிலோஹெர்ட்ஸ்னு மேல போகப் போக மூக்குத்தி, மெல்லிய மோதிரம் மாதிரிச் சின்ன சாமானுக்குக் கூர்மை கூடும். ஆனா அந்தக் கூர்மையில உப்புத்தண்ணியும் சேர்ந்து கத்தும். கடல் தண்ணி மின்சாரம் கடத்தும் இல்லையா, அதனால நனைஞ்ச மணலே கருவிக்கு ஒரு மெல்லிய உலோகமாத் தெரியுது.

நம்ம ஊர்ல இன்னொரு தொந்தரவும் உண்டு, கருமணல். மணவாளக்குறிச்சி மணல்ல இல்மனைட், கார்னெட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட் எல்லாம் கலந்து கெடக்கு. அங்க உள்ள ஐஆர்இஎல்ங்கிற மத்திய அரசு மணல் ஆலையில இல்மனைட்டைக் காந்தம் வச்சுத்தான் பிரிக்கிறாங்க. அப்படி காந்தத்துக்கு இழுபடுற மணல் காயிலுக்குக் கீழ கெடந்தா கருவி என்ன நினைக்கும்? ஒத்தை ஃப்ரீக்வென்சி கருவியில கிரவுண்ட் பேலன்ஸை (மண்ணோட சத்தத்தைக் கழிச்சு விடுற அமைப்பு) உப்புக்குச் சரி பண்ணினா கருமணல் கத்தும். கருமணலுக்குச் சரி பண்ணினா உப்பு கத்தும். ரெண்டையும் ஒருசேர அடக்கணும்னா ஒரே நேரத்தில பல ஃப்ரீக்வென்சியில அனுப்பி, வந்த பதில்களை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்கணும். மல்டிக்குக் குடுக்கிற கூடுதல் காசு முக்கியமா இந்த வேலைக்குத்தான்.

இதில ஏமாறக்கூடாத இடம் ஒண்ணு உண்டு. பெட்டியில நாலு ஃப்ரீக்வென்சி போட்டிருந்தா அது மல்டின்னு அர்த்தம் இல்ல. உங்க பட்டியல்ல உள்ள எக்ஸ்-டெர்ரா ப்ரோ 5, 8, 10, 15 கிலோஹெர்ட்ஸ் தரும், ஆனா ஒரு நேரத்தில ஒண்ணுதான் வேலை செய்யும். எக்ஸ்-டெர்ரா எலைட்தான் ஒரே நேரத்தில பலதும் அனுப்புறது. பேரும் உருவமும் ஒண்ணுபோல இருக்கதால கடையில மாத்திக் குடுத்தாக்கூடத் தெரியாது. நோக்டா கம்பெனியிலயும் அப்படித்தான், சிம்ப்ளக்ஸ் வரிசை ஒத்தை, லெஜண்டும் ஸ்கோரும் மல்டி. மச்சான்கிட்ட பேரை முழுசா எழுதி அனுப்புங்க.

தண்ணி விஷயம் அதைவிட முக்கியம். வான்குவிஷ்ல காயில் மட்டும்தான் 1 மீட்டர் வரை தண்ணி தாங்கும், மேல இருக்க பெட்டி தாங்காது. சொத்தவிளையில முழங்கால் தண்ணியில நிக்கும்போது ஒரு அலை இடுப்புக்கு மேல ஏறிச்சுன்னா கருவி போச்சு. லெஜண்ட் 3 மீட்டர், எக்ஸ்-டெர்ரா எலைட்டும் ஈக்வினாக்ஸ் 700, 900-ம் 5 மீட்டர். நம்ம கடல்ல 5 மீட்டர் ஆழத்துக்கு யாரும் போகப் போறதில்ல, அலையில ஒரு தடவை முங்கி எழும்பினா தாங்கணும், அதுக்கு இந்த மூணுல எதுவும் போதும்.

உப்பை அடக்கினா அதோட ஒரு பகுதி தங்கமும் அடங்கிப்போகும், இதை விளம்பரத்தில சொல்ல மாட்டாங்க. உப்போட பதிலும் சின்னத் தங்கத்தோட பதிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில வரும். கடற்கரை மோடு போட்டதும் கம்மல் திருகாணி, மூக்குத்தி எல்லாம் மங்கிரும். எந்தக் கம்பெனிக் கருவியானாலும் இதுதான் நிலைமை.

இரணியல்_தம்பி

ரொம்ப நன்றி அண்ணே. எக்ஸ்-டெர்ரா ப்ரோவை மல்டின்னு நினைச்சுத்தான் பட்டியல்ல வச்சிருந்தேன். தாலிச்செயின் எடுக்குமா? அதுதான் நிறைய பேரு தொலைக்கிறது.

மணக்குடி_காயல்

செயின்தான் கஷ்டம். மோதிரம் ஒரே வளையம், மின்னோட்டம் அதில சுத்தி வர முழு வட்டம் கெடைக்கும். செயின்ல ஒவ்வொரு கண்ணியும் தனித்தனி. கருவி அஞ்சு பவுன் செயினா அதைப் பாக்காது, நூறு பொடிக் கண்ணியாத்தான் பாக்கும். ஆனா அதில கோத்திருக்க தாலியோ மின்னோ (கிறிஸ்தவங்க தாலி), கொக்கியோ தகடா, கெட்டியா இருக்கும், சிக்னல் வாறது அதில இருந்துதான். அதனால செயின்னு சொல்லிக் கூப்பிட்டா முதல்ல கேக்க வேண்டியது, 'அதில என்ன கோத்திருந்தீங்க?' மெல்லிய செயின் மட்டும்னா காய்ஞ்ச மணல்ல கருவியை மல்டியில இருந்து 40 கிலோஹெர்ட்ஸுக்கு மாத்தி மெதுவாத் தேடலாம். லெஜண்ட்லயும் ஈக்வினாக்ஸ் 900-லயும் அது உண்டு. ஈர மணல்ல அந்த வழி நடக்காது. வெள்ளிக் கொலுசு அப்படி இல்ல, கனமா இருந்தா நல்லாவே கத்தும்.

கடப்புறத்தான்

நான் குளச்சல் பக்கம். கருவி வச்சித் தேடுற ரெண்டு மூணு பேரோட கூடப் போயிருக்கேன், நமக்குத் தெரிஞ்சது கடலும் மணலும்தான், அதைச் சொல்லுகேன்.

கரமடி (கரைவலை) இழுக்கிற கரையில கருவி சும்மா இருக்காது. வலையில கோத்த ஈயக்குண்டு அறுந்து விழுந்து மணலுக்குள்ள கெடக்கும், வருசக் கணக்கா. ஈயம் நல்ல சாமான் மாதிரித்தான் சத்தம் குடுக்கும், திரையில வர்ற நம்பரும் மோதிரத்துக்குப் பக்கத்திலதான் வரும். அதை விலக்கி வைக்கப் பாத்தா மோதிரமும் சேந்து போவும். தோண்டித்தான் ஆகணும், வேற வழி கெடையாது. வலை இழுக்காத இடம், ஆளுங்க குளிக்கிற இடம்னு பாத்துப் போனா அந்தத் தொல்லை குறையும்.

வெளிநாட்டு வீடியோவில தண்ணி வத்துற நேரம் பாத்துப் போகச் சொல்லுதாவ. அங்க கடல் அரை மைல் உள்வாங்கும். நம்ம கரையில ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்ல. இங்க பாக்க வேண்டியது கடல் மணலை எடுத்துட்டுப் போற காலத்தை. ஆனி, ஆடியில கடல் கரையை அரிச்சு, ஆள் உயரத்துக்கு மணல் வெட்டி நிக்கும். இளமணல் போயி அடியில கருமணல் பாயா விரிஞ்சு கெடக்கும். கனமான சாமானும் அந்தப் பாய்மேலதான் தங்கும். கார்த்திகை, மார்கழியில மணல் திரும்ப வந்து மூடிரும். போன வருசம் தொலைச்சதை மாசியில தேடுறதைவிட ஆவணியில கடல் இறங்கினதும் தேடுங்க.

ஆடிக் கடல்ல மட்டும் எறங்காதிய தம்பி. இழுவை வந்தா நீச்சல் தெரிஞ்சவனையும் கொண்டு போயிரும். தண்ணிக்குள்ள தேடணும்னா கரையில ஒரு ஆளு கயிறோட நிக்கணும். அந்த ஊர் ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தொடங்குங்க, எந்த இடத்தில குளிச்சாவ, அலை எந்தப் பக்கம் சாஞ்சு அடிச்சதுன்னு அவியளே காட்டித் தருவாவ.

தக்கலை_டவுன்

கடப்புறத்தார் சொன்ன அந்தக் கருமணல் பாயில மல்டி எப்படி வேலை செய்யும்? அங்க பல்ஸ் இண்டக்ஷன் (சக்தியை விட்டு விட்டுத் துடிப்பா அனுப்புற வகை) கருவிதானே சரி?

மணக்குடி_காயல்

நல்ல கேள்வி. உப்பும் கருமணலும் சேர்ந்த இடம் மல்டிக்கும் கடினம்தான். கடற்கரை மோடில சில கருவிகள் கருமணலைக் கண்டதும் அனுப்புற சக்தியைத் தானே குறைச்சிக்கிடும். சத்தம் அடங்கும், அதோட ஆழமும் குறையும். பல்ஸ் இண்டக்ஷன் கருவி மண்ணோட தாதுவைப் பெரும்பாலும் கண்டுக்காது, அந்த மணல்ல அதுதான் ஆழம் போகும். ஆனா இரும்பு எது, தங்கம் எதுன்னு அது பிரிச்சுச் சொல்லாதுன்னே வச்சுக்கிடுங்க. குளச்சல், முட்டம் மாதிரித் துறைமுகக் கரையில ஆணி, கம்பி, தூண்டில் முள்ளுன்னு எல்லாத்தையும் தோண்டணும். முதல் கருவியா அதை வாங்குனா ஒரு மாசத்தில கையும் மனசும் விட்டுப்போகும். பழகுன கைக்கு ரெண்டாவது கருவியா இருக்கலாம்.

மல்டியிலயே செய்யக்கூடியது சிலது உண்டு. சென்சிடிவிட்டியை (கருவியோட கூர்மையைக் கூட்டிக் குறைக்கிற அமைப்பு) பாதிக்கு இறக்கிப் பாருங்க. சத்தம் நின்னபிறகு கொஞ்சங்கொஞ்சமா ஏத்துங்க. அதிகம் வச்சா ஆழம் போகும்னு நினைக்கிறது கருமணல்ல பலிக்காது, மண்ணோட கூச்சல்தான் கூடும். தண்ணிக் கோட்டுக்கு இணையா நடந்து தேடுங்க. மேல காய்ஞ்ச மணலுக்கும் கீழ ஈர மணலுக்கும் மாத்தி மாத்தி வீசினா ஒவ்வொரு வீச்சிலயும் கருவி நிலை தடுமாறும். காயிலுக்கு அடியில அலை ஓடும்போது வீசாம நில்லுங்க, தண்ணி வடிஞ்ச பிறகு தொடருங்க.

இன்னொண்ணு, மோனசைட் கலந்த மணலை வீட்டுக்கு அள்ளிட்டு வந்து சலிக்கக்கூடாது. அது தோரியம் உள்ள கனிமம், அணுசக்திச் சட்டத்துக்குக் கீழ வருது. 1909-ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன்காரர் கயிற்றில ஒட்டி வந்த மணல்லதான் அதை முதல்ல கண்டார், அதுக்கப்புறம்தான் மணவாளக்குறிச்சியில ஆலையே வந்தது. தோண்டின குழியை அங்கேயே மூடிட்டு வரணும்.

ரப்பர்விளை

கடற்கரையைப் பத்தியே எல்லாரும் பேசுறதால விளையைப் பத்தி நான் சொல்றேன். அருமனைக்காரன், குலசேகரம் மண்ணும் எங்க மண்ணும் ஒண்ணுதான்.

செம்மண்ணுன்னு லேசா நினைச்சிராதீங்க. மேல பொடிமண், கீழ சரளை, அதுக்குக் கீழ வெட்டுக்கல். எல்லாத்திலயும் இரும்புச்சத்து. அந்தச் சரளையில ஒரு உருண்டையை எடுத்துக் காயில்மேல காட்டுங்க, சிலது சத்தமே போடாது, சிலது நல்ல உலோகம் மாதிரிக் கத்தும். கிரவுண்ட் பேலன்ஸை வாசல்ல நின்னு ஒரு தடவை போட்டுட்டு விளை முழுக்க நடந்தா பத்தடிக்கு ஒருக்கா மண்ணு மாறிக்கிட்டே இருக்கும். தானே பின்தொடர்ந்து சரிசெய்யுற டிராக்கிங் உள்ள கருவி இங்க உதவும், அல்லது ஒவ்வொரு மேட்டுக்கும் நின்னு காயிலைத் தரையில இருந்து முழங்கை உயரம் வரை ஏத்தி இறக்கிப் புதுசாப் போடணும். வான்குவிஷ்ல கிரவுண்ட் பேலன்ஸைக் கையால போட வழியே இல்ல, எங்க மண்ணுக்கு அதனாலதான் அது எனக்குப் பிடிக்கல.

காயில் அளவும் கவனிக்கணும். பெரிய காயில் ஆழம் போகும்னு 15 இஞ்சு வாங்காதீங்க. காயில் பெருசானா அது பாக்குற மண்ணும் பெருசு, இரும்புச்சத்து அத்தனையும் ஒண்ணா வந்து சேரும். 6 இஞ்சு காயில் கொஞ்ச மண்ணை மட்டும் பாக்கும். ரப்பர் மரத்தில பால் வடியுற சிரட்டையைத் தாங்குற கம்பி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், பழசானதைக் கழத்திக் கீழ போட்டது மரத்துக்கு மரம் மக்கிக் கெடக்கும். கம்பிக்குப் பக்கத்தில கெடக்குற மோதிரத்தைத் தனியாப் பிரிச்சுக் காட்ட சின்னக் காயிலுக்குத்தான் முடியும்.

மல்டி இங்க உதவுமான்னா, கொஞ்சம் உதவும். இரும்பையும் மத்ததையும் பிரிக்கிறதில ஒத்தையைவிட நிதானம். ஆனா கடற்கரையில கண்ட அந்த வித்தியாசத்தை விளையில எதிர்பார்க்காதீங்க.

தோவாளை_காற்று

எங்க பக்கத்துக்கு யாராவது தேட வந்தா முதல்ல மேல பாருங்க. முப்பந்தல், ஆரல்வாய்மொழி முழுக்கக் காற்றாலை, உயர் அழுத்தக் கம்பி. கருவியைத் தரையில வச்சிட்டு அசையாம நின்னாலே டொக்கு டொக்குன்னு சத்தம் போடும். மல்டி பல ஃப்ரீக்வென்சியையும் ஒண்ணாக் கேக்குறதால இந்த மின்சாரக் கூச்சல் அதுக்குத்தான் அதிகம் ஏறும். நாய்ஸ் கேன்சல் (வெளிக் கூச்சலை ஒதுக்குற அமைப்பு) போட்டுப் பாருங்க, அடங்கலைன்னா ஒத்தை ஃப்ரீக்வென்சிக்கு மாத்திருங்க. அதனால மல்டியும் ஒத்தையும் ரெண்டும் தர்ற கருவியா எடுக்கிறது புத்தி. பையில இருக்க போனையும் கொஞ்சம் தள்ளி வைங்க.

இரணியல்_தம்பி

வயலைப் பத்தி யாரும் சொல்லலையே. தேரூர்ல கன்னிப்பூ நெல் அறுத்தாச்சு.

சாப்பர்_67

மெட்ராஸ் என்ஜினியர் குரூப்ல இருந்து ஓய்வு பெற்றவன். கண்ணிவெடி தேடும் கருவியோடு வேலை செய்த கை. வயலுக்கு நான் பதில் சொல்கிறேன்.

உங்கள் மூன்று நிலங்களில் எளிது வயல்தான். நல்ல தண்ணீர் பாயும் களிமண், உப்பு இல்லை, சரளை இல்லை. 12 அல்லது 15 கிலோஹெர்ட்ஸ் ஒற்றைக் கருவியே போதும். சாமிதோப்பு, புத்தளம் பக்கம் உப்பளத்தை ஒட்டிய நிலம் மட்டும் விலக்கு. அங்கே வயலும் கடற்கரை போல நடந்துகொள்ளும்.

வயலில் தோற்பது கருவியால் அல்ல, அறுவடைக்குப் பின் நிற்கும் நெல் தாளால். அறுத்த தாள் ஒரு சாண் உயரம் நிற்கும். அதன் மேலேயே காயிலை வீசினால் அந்த ஒரு சாண் ஆழம் கணக்கில் இருந்து போய்விடும். மோதிர அளவுள்ள பொருளுக்கு நல்ல மண்ணில் 15 முதல் 25 செ.மீ. வரை கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், தாள் எடுத்துக்கொண்டது போக மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். ஆகவே தாளை அறுத்தோ மிதித்துப் படுக்க வைத்தோதான் தேட வேண்டும். அடுத்த உழவுக்கு முன்னால் தேடுங்கள். உழுதால் மோதிரம் இடம் மாறும், நிமிர்ந்து நின்றுவிட்டால் சிக்னலும் சுருங்கும்.

வயலைக் கயிறு கட்டி ஓட்டங்களாகப் பிரியுங்கள். ஒரு ஓட்டம் ஒன்றரை மீட்டர் அகலம். காயில் தரைக்கு இரண்டு விரல் உயரத்தில், முதல் அங்குலத்திலிருந்து கடைசி அங்குலம் வரை தரைக்குச் சமமாகப் போக வேண்டும். பழகாதவர்கள் வீச்சின் இரண்டு முனையிலும் காயிலைத் தூக்கிவிடுவார்கள். அந்தத் தூக்கலில்தான் பொருள் தப்பும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். ஒரு திசையில் முடித்ததும் கயிற்றைக் குறுக்கே மாற்றிக் கட்டி மீண்டும் ஒருமுறை. அம்மாவுக்கு எந்தக் கண்டத்தில் (வரப்புக்குள் உள்ள வயல் துண்டு) நடும்போது போனது என்று நினைவிருந்தால் அந்தக் கண்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்டத்தை ஒழுங்காக முடிப்பது நல்லது.

ஹெட்ஃபோன் இல்லாமல் தேடாதீர்கள். திரையில் வரும் எண்ணைப் பார்த்துத் தேடுபவர் ஆழமான சிக்னலை விட்டுவிடுவார். ஆழம் போகப் போக எண் தடுமாறும், சத்தம் மட்டும் மெலிதாக, ஆனால் இரண்டு பக்கமிருந்தும் ஒரே மாதிரி வரும். அதைக் கேட்கக் காது பழக வேண்டும்.

தக்கலை நண்பர் மேல் ரகமே வாங்கச் சொல்கிறார். டியூஸ் 2 போன்ற கருவியில் மாற்றிக்கொள்ளக் கூடிய அமைப்புகள் ஏராளம். புதியவர் கையில் அவை ஒவ்வொன்றும் தவறாக வைக்கக் கூடிய ஒரு வாய்ப்பு. கூடவே, அதன் காயில் பெட்டியோடு கம்பியில்லாமல் பேசுகிறது. அந்த அலை தண்ணீருக்குள் போகாது, நீருக்கடியில் தேடத் தனி ஆன்டெனாக் கம்பி மாட்ட வேண்டும். தெரிந்தவருக்கு அருமையான கருவி. தம்பிக்கு இப்போது தேவை நாலு மோடு உள்ள, தொழிற்சாலை அமைப்பிலேயே ஓடக்கூடிய ஒன்று.

தக்கலை_டவுன்

சாப்பர் ஐயா சொன்ன ஆன்டெனா விஷயம் சரிதான், நானும் அது வச்சிருக்கேன். மத்தபடி என் கருத்தில மாத்தம் இல்ல. படிக்கிறதுக்கு மனசு இருக்கவனுக்கு மேல் ரகம் சீக்கிரம் கை வந்துரும். ஆனா தம்பி கூப்பிட்ட இடத்துக்குப் போய் உடனே எடுத்துக் குடுக்கணும்னு சொல்றாரு, அதுக்கு எளிமையான கருவி நல்லதுதான், ஒத்துக்கிடுறேன்.

பறக்கை_மடை

ஒருத்தர் வாட்ஸ்ஆப்பில தங்கத்தை மட்டும் 100 மீட்டர் தூரத்தில இருந்தே காட்டுற கருவின்னு அனுப்பினாரு. ரெண்டு கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும், கையில பிடிச்சு நடந்தா தங்கம் இருக்க பக்கம் திரும்புமாம். இது எப்படி?

மணக்குடி_காயல்

வாங்காதீங்க. அப்படி ஒரு கருவி உலகத்தில இல்ல. கையில பிடிக்கிற எந்த மெட்டல் டிடெக்டரும் காயில் அகலத்தை ஒட்டின ஆழத்துக்குத்தான் மோதிரத்தை எடுக்கும், தங்கத்தையும் அலுமினியத்தையும் ஈயத்தையும் உறுதியாப் பிரிச்சும் சொல்லாது. இதே மாதிரிக் கம்பி நீட்டின டப்பாவை வெடிகுண்டு கண்டுபிடிக்கும்னு சொல்லி ஏடிஇ 651-ங்கிற பேர்ல ஈராக்குக்கு வித்த ஆளுக்கு 2013-ல பிரிட்டன் நீதிமன்றம் 10 வருசம் ஜெயில் தண்டனை குடுத்தது. அதை நம்பி செக்போஸ்ட்ல நின்னவங்க உயிரைக் குடுத்தாங்க. நம்ம ஊர்ல இரிடியம்னு சொல்லிக் குடும்பம் குடும்பமா ஏமாத்துறவங்க கையிலயும் இதே கம்பிதான் இருக்கு. அந்த நம்பரை போலீஸ்ல குடுங்க.

குழித்துறை_குமாஸ்தா

வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், சட்டத்தையும் ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணுக்குள் மறைந்து கிடந்த, மதிப்புள்ள எதுவும் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தில் வரும். மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் தமக்கு வரும் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. 10 ரூபாய் என்பது அந்தக் காலத்து அளவு, இன்றும் அதுதான். திருவிதாங்கூர் காசு, சக்கரம், டச்சுக்காரர் காலத்துச் செம்புக்காசு எது கிடைத்தாலும் இதற்குள் வரும். நூறு ஆண்டு கடந்தது என்றால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் சேரும்.

வட்டக்கோட்டை, உதயகிரிக் கோட்டை, சிதறால் மலை இவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. பத்மநாபபுரம் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடம். இங்கெல்லாம் கருவியோடு நுழையவே வேண்டாம். வட்டக்கோட்டைக்குக் கீழே கருமணல் கரை அழகாக இருக்கிறது என்று தேடப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காப்புக்காடும் அப்படியே.

கடற்கரையில் கிடைக்கும் இன்றைய மோதிரம் புதையல் அல்ல, உரிமையாளர் உள்ள பொருள். அதைச் சொந்தமாக்கிக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா 314-ஆம் பிரிவு. தம்பி செய்ய நினைப்பது நல்ல காரியம், அதைப் பாதுகாப்பாகச் செய்யுங்கள்: தேடும்போது உரிமையாளர் பக்கத்தில் நிற்கட்டும், கிடைத்ததும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள், உரிமையாளர் தெரியாத பொருளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

இரணியல்_தம்பி

எல்லாருக்கும் கடமைப்பட்டிருக்கேன். இப்ப எனக்குத் தெளிவா இருக்கு. கடற்கரைதான் முக்கிய வேலைங்கிறதால மல்டி கட்டாயம் வேணும், முழுசாத் தண்ணி தாங்கணும், ஒத்தை ஃப்ரீக்வென்சிக்கும் மாத்த முடியணும், கிரவுண்ட் பேலன்ஸ் கையாலயும் போடணும். லெஜண்டா ஈக்வினாக்ஸ் 900-ஆன்னு ரெண்டுல நிக்கேன். மச்சான் விசாரிச்சதில லெஜண்ட் விலை நல்லாவே குறைவு.

மணக்குடி_காயல்

அப்போ லெஜண்ட் எடுங்க. மிச்சமாகுற காசில 6 இஞ்சுக் காயில், பின்பாயிண்டர் (குழிக்குள்ள பொருள் இருக்க இடத்தைக் காட்டுற சின்னக் கைக்கருவி), நல்ல மணல் கரண்டி வாங்கிரலாம். கரண்டியில மட்டும் சிக்கனம் பாக்காதீங்க, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல நீளக் காம்போட உள்ளது வேணும். ஓட்டை மோதிரம் தப்பாத அளவுக்குச் சின்னதா, மணல் சட்டுனு வடியுற அளவுக்குப் பெருசா இருக்கணும். ஈர மணல்ல கையால தோண்டுனா குழி சரிஞ்சு சரிஞ்சு மூடும், அதுக்குள்ள அடுத்த அலை வந்துரும். காம்பை நம்ம ஊர் வெல்டிங் பட்டறையிலயே அடிச்சு வாங்கிக்கிடலாம். பில்லைப் பத்திரமா வைக்கச் சொல்லுங்க, ஏர்போர்ட்ல சுங்கத்தில கேப்பாங்க, வாரண்டிக்கும் அது வேணும்.

வந்ததும் நேரே கடலுக்குப் போகாதீங்க. வீட்டு முற்றத்தில ஒரு மோதிரம், ஒரு சோடா மூடி, ஒரு ஈயக்குண்டு, ஒரு 10 ரூபாய், ஒரு 1 ரூபாய்னு மரப்பலகையில ஒட்டி வச்சு ஒவ்வொண்ணுக்கும் சத்தத்தைக் கேளுங்க. வெளிநாட்டு வீடியோவில சொல்ற நாணய நம்பர் எதுவும் நமக்கு ஒத்துவராது. நம்ம 1 ரூபாய் காந்தத்தில ஒட்டுற எஃகு, இரும்பு மாதிரியும் நல்லது மாதிரியும் மாத்தி மாத்திக் காட்டும். பழைய அலுமினிய 5 பைசா, 10 பைசா தங்க மோதிரம் வர்ற இடத்திலயே வந்து நிக்கும். இரும்பை மட்டும் விலக்கி வச்சுக்கிட்டு மத்த எல்லாத்தையும் தோண்டுங்க.

ஆசாரிபள்ளம்_டீச்சர்

நான் இந்த இழையை முதல்ல இருந்து படிச்சேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்காந்தம் சொல்லிக்குடுக்க ஒரு கருவி வேணும். விளையாட்டு மைதானத்தில மட்டும்தான், கடலுக்கெல்லாம் கூட்டிட்டுப் போக மாட்டேன். மல்டி தேவையா?

சாப்பர்_67

தேவையில்லை அம்மா. மைதானத்துக்கு ஒற்றை ஃப்ரீக்வென்சி போதும், சிம்ப்ளக்ஸ் வரிசையில் ஒன்று பாருங்கள். காம்பு சுருங்கும் வகையாக இருக்கட்டும், பிள்ளைகள் உயரத்துக்கு இறக்கிக்கொள்ளலாம். ஒரு செம்பு வளையத்தைக் காயில் மேல் காட்டுங்கள், பிறகு அதே வளையத்தை ரம்பத்தால் ஓரிடத்தில் அறுத்துவிட்டுக் காட்டுங்கள். முதலில் வந்த சத்தம் எவ்வளவு குறைகிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள், சுழல் மின்னோட்டம் அப்போதே புரிந்துவிடும்.

ஆசாரிபள்ளம்_டீச்சர்

செயின் ஏன் கத்தாதுன்னு மேல சொன்னதுக்கும் அதே காரணம்தானே ஐயா? ரொம்ப நன்றி, வளையம் இன்னைக்கே தயார் பண்ணிருவேன்.

கடப்புறத்தான்

தம்பி, கருவி வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க. முட்டத்தில எந்த இடத்தில கரமடி இழுக்க மாட்டாவன்னு நான் கூட வந்து காட்டித் தாறேன்.